அத்தை கொண்டு வந்த விதை

பூ என்றால் எனக்கு மல்லிகை, கனகாம்பரம், ஜாதி, டிசம்பர்ப் பூ, அவ்வளவுதான். தெரு முனையில் பூக்காரம்மாவிடம் முழம் என்ன விலை என்று கேட்டு, பேரம் பேசி, வாங்கித் தலையில் வைத்துக் கொள்கிற சாமான். அதற்கு வேர், தண்டு, கிழங்கு என்று ஒரு சம்சாரம் இருக்கும் என்பதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. பத்திரிகை ஆபீசில் வேலை பார்க்கிறவளுக்குப் பூ வாங்கவே நேரம் போதாது. வளர்ப்பதற்கு ஏது?

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு பூவுக்காக மூன்று வருஷமும் மூன்று மாதமும் காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? காத்திருந்தேன் என்று சொல்வதுகூட முழு உண்மை அல்ல. அதில் பாதிக் காலம், அந்தச் செடி செத்துத் தொலைந்தால் தேவலை என்று நினைத்துக் கொண்டிருந்தேன். ஒரு தடவை என் கையாலேயே அதைக் கெடுக்கவும் செய்தேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

* * *

என் கணவருடைய ஊர் தாராபுரம் தாலூகாவில், மூலனூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம் என்று மனிதர்கள் பழகிப் போன இடம். 2020 டிசம்பரில் மாமனார் திடீரென்று காலமாகிவிட்டார். காரியங்களெல்லாம் முடிந்து, வெள்ளாமையை வீட்டுக்குக் கொண்டு வந்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, 2021 பிப்ரவரியில் அத்தை எங்களோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஓர் ஊறுகாய் ஜாடி, இடுப்பில் ஒரு சுருக்குப் பை. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்திலிருந்து அவர் எடுத்து வந்தது இவ்வளவுதான்.

வந்தவர் அதிகம் பேசவில்லை. காலையில் எழுந்ததும் பால்கனியில் போய் உட்காருவார். எங்கள் பால்கனிக்கு எதிரே இருப்பது அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவரையே பார்த்துக் கொண்டிருப்பார். தினம் ஒரு தரம் மகனிடம், "ஊர்ல மழை உண்டாமா?" என்று கேட்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். நானும் ஆபீஸ், குழந்தை, சமையல் என்று ஓடிக் கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமே இல்லை என்பதுதான் வாஸ்தவம்.

ஆடி மாதம் பிறந்தது. ஒரு நாள் காலையில் அத்தை தம் மகனைக் கூப்பிட்டு, "சாமி, மூணு மண் தொட்டி வேணும். செம்மண்ணும் மணலும் கொஞ்சம் மக்கின சாணியும் கொண்டா" என்றார். ஐந்து மாதத்தில் அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் அது. என் கணவர் அன்றைக்கே லீவு போட்டுவிட்டார்!

சுருக்குப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சு வெளியே வந்தது. முடிச்சுக்குள் விதைகள். மிளகு மாதிரி உருண்டை. மேலே சிவப்புத் தோல் வற்றிச் சுருங்கி ஒட்டிக் கொண்டிருந்தது. எண்ணினோம். இருபத்தொன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போட்டு, மறு நாள் பழந்துணியால் தேய்த்துத் தோலை உரித்தார். பிறகு தொட்டிக்கு ஏழு என்று விரற்கடை ஆழத்தில் ஊன்றினார். எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். மூன்றாவது தடவையும் கழுவினார். ஊற வைத்த தண்ணீரையும் துணியையும் தனியே அப்புறப்படுத்தினார்.

"ஏன் அத்தை இத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"விஷமில்லீங் கண்ணு இது!" என்றார், உப்பு என்று சொல்கிற மாதிரி.

* * *

அந்த விதை எதன் விதை தெரியுமா? செங்காந்தள்!

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்லூரியில் நான் தமிழ் இலக்கியம் படித்தவள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கொண்டு போகிற 99 பூக்களில் முதலாவது பூ காந்தள்தான் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். பெண்களின் விரலைக் காந்தளுக்கு ஒப்பிடுவது சங்கப் புலவர்களின் வழக்கம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பூவை நேரில் பார்த்தது கிடையாது. நம் தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுதான் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ!

அத்தைக்குக் கபிலரைத் தெரியாது. அவர் ஊரில் இதற்குப் பெயர் கண்வலிக் கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலி வரும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதன் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்து வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் ஒரு பெயர் உண்டு. கார்த்திகைப் பூ என்றும் சொல்கிறார்கள். லின்னேயஸ் என்ற தாவர சாஸ்திரி 1753-ல் இதற்கு வைத்த பெயர் குளோரியோஸா சூப்பர்பா. மகிமை, அபாரம் என்று இரண்டு புகழ்ச்சிச் சொற்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தது போல் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்குத் தேசியப் பூவும் இதுவே. அந்த நாடு ரொடீஷியாவாக இருந்த காலத்தில், 1947-ல், பிற்பாடு எலிஸபெத் ராணியான இளவரசியின் இருபத்தொன்றாவது பிறந்த நாளுக்கு அங்கிருந்து வந்த பரிசு என்ன தெரியுமா? இந்தப் பூவின் வடிவத்தில் செய்த வைர புரூச்!

இந்தப் பெருமையெல்லாம் நான் பின்னால் தெரிந்து கொண்டது. முதல் நாள் ராத்திரி நான் தேடிப் படித்தது வேறு விஷயம். செடி முழுக்கக் கால்ச்சிசின் என்ற விஷம். கிழங்கிலும் விதையிலும் அதிகம். அந்த விஷத்துக்குத்தான் விலை. மூட்டில் வரும் 'கவுட்' என்கிற வாத நோய்க்கு அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கத்து விவசாயிகள் விதையைக் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பது அதனால்தான். இதே கால்ச்சிசினைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்க முடியும் என்று 1937-ல் கண்டுபிடித்தார்கள். நாம் சாப்பிடுகிற விதையில்லாத் தர்பூசணி அதன் பலனாக வந்தது. ஆனால் மருந்தாகும் அளவுக்கும் உயிரை வாங்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். வள்ளிக் கிழங்கு என்று எண்ணி இதை வேக வைத்துத் தின்றவர்கள் இறந்து போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு வயசுக் குழந்தை. கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடுகிற பருவம். சமையலறைக் கரியைக்கூட விட்டு வைக்காதவள்.

மறு நாள் காலையில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். "குழந்தை இருக்கிற வீட்டில் விஷச் செடி எதற்கு அத்தை? பூ வேண்டுமென்றால் ரோஜாத் தொட்டி வாங்கித் தருகிறேனே!" என்றேன்.

அத்தை கோபித்துக் கொள்ளவில்லை. "ரெண்டு ஏக்கரா கெழங்குக்கு நடுவாலதான் மூணு புள்ளைகளும் வளந்துச்சு. இது விஷம்னு சொல்லிக் குடுத்தா புள்ளைக கேக்கும் கண்ணு" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது பால்கனியில் தொட்டிகள் இல்லை. மூன்று மாடி ஏறி, ஒவ்வொன்றாக, தாமே மொட்டை மாடிக்குக் கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார். மாடிக் கதவைப் பூட்டி, சாவியை என் மேஜை மேல் வைத்திருந்தார். லிப்ட் இல்லாத வீடு. அவருக்கு வயசு அறுபது.

என் பேச்சில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சாவியை எடுக்க ஏனோ கை வரவில்லை.

* * *

காந்தளை விதை போட்டு வளர்ப்பது புத்திசாலிகள் செய்கிற காரியம் அல்ல. மூட்டை மூட்டையாக விதை விற்கிற விவசாயிகள்கூட அடுத்த போகத்துக்கு விதையை விதைப்பது கிடையாது. கிழங்கைத்தான் நடுவார்கள். பருத்த கிழங்கை ஆடியில் நட்டால் ஐப்பசி கார்த்திகையில் பூ வந்துவிடும். தை மாசியில் காய் பறிக்கலாம். விதை போட்டாலோ, முளைப்பதற்கே மூன்று வாரமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். சில விதைகள் முளைக்காமலே ஏமாற்றும். முளைத்த பிறகும் பூக்க மூன்று, நான்கு வருஷம் செல்லும்.

"பின்னே கிழங்கையே கொண்டு வந்திருக்கலாமே?" என்று என் கணவர் கேட்டார்.

"நெலத்தைக் குத்தகைக்கு உட்டாச்சு. மண்ணுக்குள்ள இருக்கற கெழங்கு குத்தகைக்காரனுது. பறிச்ச காய்தானே நம்முளுது?" என்றார் அத்தை. நியாயம் என்றால் அப்படி ஒரு நியாயம்!

தினமும் காலையில் அத்தை ஒரு செம்பு தண்ணீரோடு மாடி ஏறுவார். வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு இறங்குவார். ஒரு மாதம் ஆயிற்று. மண் மண்ணாகவே இருந்தது. "உங்கள் அம்மா மண்ணை வளர்க்கிறார்" என்று நான் என் கணவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். நாற்பத்தேழாவது நாள் அத்தை கீழே இறங்கி வந்து, காபி டம்ளரைக் கையில் வாங்கிக் கொண்டு, "மூணு வந்துருக்குது" என்றார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் எட்டு முளைத்தன. முதல் தொட்டியில் மூன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. என்ன பிரமாதமான செடி என்று நினைக்கிறீர்கள்? ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், நாலைந்து இலையோடு, புல்லுக்கு அண்ணன் மாதிரி நின்றது. பொங்கலுக்குள் அதுவும் மஞ்சளாகி, காய்ந்து, சாய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"அடப் பாவமே, செத்துப் போய்விட்டதே!" என்றேன்.

"சாகலை. தூங்குது" என்றார் அத்தை. "வருஷத்துல பாதி நாள் இது மண்ணுக்குள்ளதான் கண்ணு. மேல இருக்கறது போனாப் போகுது. கீழ சேத்து வெச்சிருக்கும். இனி ஆனி ஆடி வரைக்கும் தண்ணி ஊத்தப்படாது, மண்ணையும் கிளறப்படாது. கெழங்கு நுனியில ஒண்ணே ஒண்ணுதான் கொழுந்து. அது ஒடிஞ்சா அப்புறம் மொளைக்காது."

* * *

2022 பங்குனியில் ஊரில் நோம்பி என்று அத்தை பத்து நாள் புறப்பட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்த மாடிக்குப் போனேன். மூன்று தொட்டியும் வெடித்த மண்ணோடு அநாதையாகக் கிடந்தன. எதற்கு நல்ல தொட்டி வீணாக இருக்க வேண்டும், கொத்தமல்லியாவது போடலாமே என்று தோன்றியது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். உண்மை அது அல்ல. இந்த விஷம் செத்துத்தான் போயிருக்கிறது, அத்தை சும்மா சொல்கிறார் என்று நிச்சயப்படுத்திக் கொள்ள எனக்கு ஆசை. அப்படி நிச்சயமானால் மாடிச் சாவியைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம் அல்லவா?

ஒரு பழைய கரண்டியால் மூன்றாவது தொட்டியைக் கிளறினேன். கொஞ்ச ஆழத்தில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளமாக, கெட்டியாக, ஈரப்பசையோடு, மூன்று குட்டிக் கிழங்குகள். செத்துப் போனவை அல்ல. ஒரு வருஷம் நின்ற நாலு இலையும் சேர்த்து வைத்துவிட்டுப் போன சொத்து அவ்வளவும் அதில் இருந்தது. வெளியே எடுக்கும்போதே ஒன்றின் நுனி ஒடிந்தது. இன்னொன்று கரண்டி பட்டு இரண்டாயிற்று. மூன்றாவதிலும் கீறல்.

அவசர அவசரமாக எல்லாவற்றையும் மண்ணுக்குள் தள்ளி, மேலே தட்டிச் சமன் செய்தேன். கீழே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். மூன்றாவது தடவையும் கழுவினேன்.

அத்தை திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். ஆடி வந்துவிட்டது. முதல் இரண்டு தொட்டிகளிலும் ஐந்து முளைகள் எட்டிப் பார்த்தன. மூன்றாவது தொட்டியில் ஒன்றும் இல்லை. அத்தை அதன் முன்னால் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"சிலது வராது கண்ணு" என்றார். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, அவராகவே பேச ஆரம்பித்தார்.

காந்தள் பூவில் ஒரு விசித்திரம் உண்டு. சூல் தண்டு நேராக நிற்காமல் செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகிப் போயிருக்கும். ஆகையால் பூ தானாகவே காய்ப்பது அரிது. வண்ணத்துப் பூச்சியோ தேன்சிட்டோ வந்து தொட வேண்டும். அவற்றை நம்பி இருந்தால் விளைச்சல் போதாது என்பதால், விவசாயிகள் காலையில் வெயில் ஏறுமுன் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல் நுனியில் தொட்டு வைப்பார்கள். 'பூத் தொடுகிறது' என்று அத்தை அதைச் சொன்னார். ஒரு வரிசை மாமா, அடுத்த வரிசை அத்தை. பேசிக் கொண்டே போவார்களாம். முப்பது வருஷத்துக்கு மேல் அவர்கள் குடும்ப விவகாரம் அத்தனையும் பேசி முடிவானது அந்த வரிசைகளுக்கு நடுவில்தான்.

"2020-லயும் பூத் தொட்டோம். காய் புடிச்சு நின்னுச்சு. பறிக்கறதுக்கு அவரு இல்லை" என்றார். "அவரு தொட்ட வரிசையில பறிச்ச காய்தான் கண்ணு, நான் முடிஞ்சு கொண்டாந்தது."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. சொல்ல வேண்டியதைச் சொல்லத் துணிவு இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

* * *

அதற்கப்புறம் நானும் மாடி ஏற ஆரம்பித்தேன். குற்றமுள்ள மனசு என்று வைத்துக் கொள்ளுங்களேன். காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம். அத்தை தண்ணீர் தெளிக்க, நான் பக்கத்தில் நிற்பேன். பேச்சு தானாக வந்தது. மாமாவைப் பற்றி, ஊரைப் பற்றி, என் கணவர் சின்ன வயசில் மணியக்காரர் தோட்டத்தில் மாங்காய் திருடி அகப்பட்டுக் கொண்டது பற்றி. அந்தக் கடைசிச் சமாசாரம் எனக்குப் பல சந்தர்ப்பங்களில் உபயோகப்பட்டிருக்கிறது!

குழந்தைக்கு மூன்று வயசானதும் அத்தை அவளையும் கூட்டி வந்தார். நான் மறுக்கவில்லை, ஆனால் கையை விடவும் இல்லை. "பாக்கறது கண்ணால. கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால" என்று அப்பத்தா பாடம் நடத்தினார். அவள் பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி கையைப் பின்னால் கட்டிக் கொண்டு நிற்பாள். ஒரு தடவை மேல் வீட்டு மாமா பார்க்க வந்து இலையைத் தொடப் போக, "தொடாதீங்க! விஷம்! கை கழுவணும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மனிதர் நாலடி பின்வாங்கிவிட்டார்.

2023-ல் செடிகள் இடுப்பளவு வந்தன. அப்போதுதான் நான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். காந்தளுக்குப் பற்றி ஏறத் தனிக் கொடிக்கை கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்துக் கொள்ளும். இலையும் அதுவே, கையும் அதுவே. ஆனாலும் அந்த வருஷம் பூக்கவில்லை.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. 3-ம் தேதி ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. மின்சாரம் இல்லை. தெருவெல்லாம் ஆறு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தை தலையில் ஒரு துண்டைப் போட்டுக் கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன். காந்தள் எந்த வறட்சியையும் தாங்கும். தேங்கி நிற்கிற தண்ணீரைத்தான் தாங்காது, கிழங்கு அழுகிவிடும். தொட்டியின் அடித் துவாரம் அடைத்துக் கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் இருவருமாகத் தொட்டிகளைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரை வடித்து, அடியில் செங்கல்லைக் கொடுத்து நிறுத்தினோம். விஷம் என்று கீழே இருந்து விரட்டிய செடிக்காக நான் நடுநிசியில் நனைந்து கொண்டு நின்றேன் பாருங்கள்!

அவ்வளவு பாடுபட்டும் இரண்டு கிழங்கு அழுகிப் போயிற்று. இருபத்தொன்றில் மிச்சம் மூன்று.

* * *

2024 ஐப்பசி. மூன்றில் ஒரு செடி என் தலைக்கு மேல் போயிருந்தது. உச்சியில் ஒரு மொட்டு, பச்சையாக, தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு. ஐந்து நாள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆறாம் நாள் விரிந்தது.

மற்றப் பூக்கள் நம்மைப் பார்த்து விரியும். இது தலை கீழாகத் தொங்கிக் கொண்டே ஆறு இதழையும் பின்பக்கமாக மேலே வீசி எறிந்தது. ஓரமெல்லாம் அலை அலையாக நெளிவு. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. அகல் சுடரைக் கவிழ்த்து வைத்தது போல. நாளாக ஆக மஞ்சள் குறைந்து சிவப்பு ஏறி, கடைசியில் முழுதும் இரத்தச் சிவப்பாயிற்று. விரல் என்றும் தீ என்றும் புலவர்கள் ஏன் சொன்னார்கள் என்று, பரீட்சை எழுதிப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது.

விரிந்த மறு நாள் காலை எட்டு மணி. அத்தை குழந்தையின் வர்ணம் தீட்டுகிற தூரிகை ஒன்றைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். "இந்த வாட்டி நீ தொடு கண்ணு."

எனக்குக் கை நடுங்கிற்று. தூரிகையை வாங்கிக் கொள்ளாமல், "அத்தை, அந்த மூணாவது தொட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங் கண்ணு" என்றார்.

"என்ன தெரியும்?"

"மண்ணை மாத்தறப்ப பாத்தேன். கொழுந்து ஒடிஞ்சிருந்துச்சு. எலி கடிச்சா அப்படி ஒடியாது."

இரண்டு வருஷமாகத் தெரியும்! நாள் தவறாமல் என் பக்கத்தில் நின்று கொண்டு, சிரித்துப் பேசிக் கொண்டு, ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏன் அத்தை என்னிடம் கேட்கவில்லை?" என்றபோது எனக்குக் குரல் அடைத்துக் கொண்டது.

அத்தை பூவைப் பார்த்துக் கொண்டே சொன்னார்: "புதுசா வந்தவ நானு. நீயும் என்னை இன்னும் பழகலை. அப்பப் போயி தோண்டித் துருவிக் கேட்டா எதாச்சும் மொளைக்குமா? நீயா ஒரு நாளைக்குச் சொல்லுவேன்னு இருந்தேன். வெயில் ஏறுது, தொடு."

தொட்டேன்.

* * *

காய் பிடித்தது. தை மாதம் அது உலர்ந்து மூன்று அறையாகப் பிளந்தபோது உள்ளே பவழம் மாதிரி விதைகள்; நாற்பத்திரண்டு. அந்தத் தூரிகையை அன்றே அப்புறப்படுத்திவிட்டோம். விதைகளை ஒரு டப்பாவில் போட்டு, 'விஷம்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பீரோவின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். விதைக்குச் சில மாதம் ஓய்வு கொடுத்து ஆடியில் ஊன்றினால்தான் நன்றாக முளைக்கும் என்பது அத்தையின் சித்தாந்தம்.

இதைப் படித்துவிட்டு யாராவது காந்தள் வளர்க்க ஆசைப்பட்டால் ஒன்று சொல்லி வைக்கிறேன். தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கிற நாய்க்குட்டியோ இருக்கிற வீட்டுக்கு இது வேண்டாம். இந்த விஷயத்தில் நான் முதல் நாள் சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன். அத்தையும் அதை ஒப்புக் கொள்கிறார். மற்றவர்கள் வளர்த்தால் உறை போட்டுக் கொண்டே கிழங்கையும் விதையையும் தொடுங்கள். தவறி யாராவது தின்றுவிட்டால், ஒன்றும் செய்யவில்லையே என்று வீட்டில் வைத்துக் கொண்டிருக்கக் கூடாது. விஷத்தின் குணம் தெரியவே பல மணி நேரம் ஆகும். செடியின் ஒரு துண்டை எடுத்துக் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

2025 ஆடியில் விதை ஊன்றியது நான். அத்தை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். ஆறு வயசுக் குழந்தை கையைப் பின்னால் கட்டிக் கொண்டு நின்று, "எப்போம்மா பூக்கும்?" என்று கேட்டாள்.

"2028-லே" என்றேன்.

"அவ்வளவு நாளா!" என்று வாயைப் பிளந்தாள்.

அத்தை சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "தொட்டியில கொத்தமல்லி ஒண்ணும் போட்றாதே கண்ணு" என்றார்.

கொத்தமல்லி சமாசாரத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. என் கணவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மாங்காய்த் திருடனுக்கு இன்னொரு பங்கு பாக்கி இருக்கிறது!